நீலம் என்று எழுதிய ஜன்னல்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். குழந்தைகள் புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்தில் பதினெட்டு வருடமாகப் புரூஃப் பார்க்கிறேன். முதல் பக்கத்தில் பூனையின் வால் வெள்ளை என்றால் கடைசிப் பக்கம் வரைக்கும் அது வெள்ளையாகவே இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அலுவலகத்தில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வீட்டிலும் இதே லட்சணம்தான். கடைக்குப் போய்த் திரும்பும் என் கணவர் எத்தனை மணிக்குப் போனார், வழியில் யாரோடு நின்று பேசினார் என்பதையெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே ஒப்பித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

இப்படிப்பட்ட என் கண்ணில் பேயம்மா பட்டது இரண்டு வருடத்துக்கு முன்பு. அதற்கு முன்னாலும் அவரைத் தெரியும். குழந்தைகளுக்குப் பேய்க் கதை எழுதுகிறவர், அதனால் முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் பேயம்மா என்பார்கள். எதிரே வந்தால் மேடம். ஐம்பது வயதுக்கு மேல் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் வேகமாக நடப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. டோக்கன் கொடுப்பதும், அழுகிற பிள்ளைகளைச் சமாளிப்பதும், மிச்ச நேரத்தில் பழைய டோக்கன் தாள்களின் பின்பக்கத்தில் கதை எழுதுவதும்தான் அவர் பிழைப்பு. கையெழுத்துப் பிரதியைத் திருப்பினால் ‘மேல் வரிசை, கடைவாய்ப் பல், வியாழன் காலை’ என்று இருக்கும். பல்லைப் பிடுங்கும் இடத்தில் உட்கார்ந்து எழுதினால் பேய்க் கதை தானாக வந்துவிட்டுப் போகிறது என்று நான் நக்கலடித்ததுண்டு.

இருபத்து மூன்று வருடத்தில் பத்தொன்பது புத்தகங்கள். எல்லாம் ஒரே வீட்டில் நடப்பவை. ஒரு பழைய குடும்ப வீடு, அதில் ஒரு அக்கா, ஒரு தம்பி. இருவரும் கண்ணாமூச்சி விளையாடுவார்கள். மாடிப்படி பாதியில் திரும்பும் இடத்தில் ஒரு வட்ட ஜன்னல் உண்டு. அதன் கீழே சுவரில் முகத்தைப் பதித்துக்கொண்டு அக்கா ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணுவாள். எண்ணி முடித்துத் திரும்பினால் ஜன்னல் கண்ணாடி வழியாக நீல வெளிச்சம் விழும். வீடு அதே வீடுதான், ஆனால் காலம் வேறாக இருக்கும். ஒரு கதையில் தாத்தாவின் தாத்தா காலம், இன்னொன்றில் இனிமேல்தான் வரப்போகிற காலம். தம்பி அங்கே எங்கேயோ ஒளிந்திருப்பான். அவன் மற்றவர் கண்ணுக்குத் தெரியமாட்டான், குரல் மட்டும் கேட்கும், பேய் மாதிரி. கடைசியில் அக்கா அவன் கையைத் தொட்டுவிடுவாள். தொட்டதும் காலம் புரண்டு, அவள் மட்டும் தன் காலத்துக்குத் திரும்பிவிடுவாள்.

பிள்ளைகள் பைத்தியமாக வாங்கிப் படித்தார்கள். எனக்குத்தான் எரிச்சல். பத்தொன்பது தடவை தொட்டும் ஒரு தடவைகூடவா பையனை வீட்டுக்குக் கூட்டி வர முடியாது?

அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று இருந்தது. ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் இப்படி ஒரு கட்டம் போட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை: ‘இந்த வீட்டைப் பற்றி நான் எழுதியதில் ஏதாவது தவறு இருக்கிறதா? உங்களுக்குத் தெரிந்தால், அல்லது உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது தெரிந்தால், எனக்கு எழுதுங்கள்.’ கீழே பதிப்பகத்தின் முகவரி. என்ன திமிர் பாருங்கள். தவறு கண்டுபிடிக்க நான் ஒருத்தி சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஊரில் உள்ள பொடிசுகளையெல்லாம் அழைத்துத் தேடச் சொல்கிறார். தவிர, கற்பனை வீட்டைப் பற்றிப் பெரியவர்களுக்கு என்ன தெரியும்?

இரண்டு வருடத்துக்கு முன்பு அலுவலகத்தை வெள்ளையடித்தபோது மேசைகளை மாற்றிப் போட்டார்கள். வாசகர் கடிதப் பெட்டி என் மேசைக்குப் பக்கத்தில் வந்தது. அப்போதுதான் கவனித்தேன். சனிக்கிழமைதோறும் மதியம் பேயம்மா வருவார். தன் பெயருக்கு வந்த கடிதங்களை நின்றுகொண்டே பிரிப்பார். பாராட்டு எழுதியிருந்தால் ஒரு வரி படித்துவிட்டுப் பைக்குள் போடுவார். குற்றம் சொல்லியிருந்தால் நிதானமாகப் படிப்பார், உதடு அசையும். படித்து முடித்ததும் முகம் தொங்கிப்போகும். உலகத்தில் எழுத்தாளர்கள் எல்லோரும் குற்றம் சொன்னால் கோபப்படுவார்கள், பாராட்டினால் பல்லைக் காட்டுவார்கள். இவர் தலைகீழாக இருந்தார். தப்பு கண்டுபிடித்த பிள்ளைகளிடம் அவர் எதிர்பார்த்த ஏதோ ஒரு தப்பு இன்னும் கிடைக்கவில்லை என்று எனக்குப் பட்டது.

அவ்வளவுதான், என் தூக்கம் போயிற்று. பழைய பிரதிகளையெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு படித்தேன். பத்தொன்பது புத்தகத்திலும் படிகள் பதிமூன்று. மாடிப்படிக்குக் கீழே உள்ள சாமான் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் அடியில், குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில். பின்கட்டுத் தரையில் ஒரு கல் மட்டும் வேறு நிறம். ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழை மாறவில்லை. கற்பனை செய்கிறவர்களுக்கு இவ்வளவு ஞாபகம் இருக்காது, எங்கேயாவது ஒரு படி கூடும், குறையும். இந்த வீடு உண்மையாகவே இருக்கிறது என்று முடிவு கட்டினேன். இருந்தால் ஏன் மறைக்க வேண்டும்? யாருடைய வீடு? யாரிடமிருந்தாவது கதையைத் திருடினாரா? ஒரு நாள் டீ குடிக்கும் நேரத்தில் நேரடியாகவே கேட்டேன். வீடு எங்கேயும் இல்லை, எல்லாம் என் தலைக்குள்தான் என்று சிரித்தார். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. எனக்கு அது போதாதா?

ஒப்பந்தப் பத்திரங்கள் முதலாளியின் அலமாரியில் இருக்கும். வேறு காரணம் சொல்லிச் சாவி வாங்கிப் பார்த்தேன். தற்போதைய முகவரிக்குப் பக்கத்தில் நிரந்தர முகவரி என்று ஒன்று எழுதியிருந்தார். இதே ஊர்தான், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவரிடம்கூடச் சொல்லாமல் போனேன். குறுகலான தெரு, இரண்டு பக்கமும் மாடி வீடுகள். அந்த வீட்டின் முன்னறையில் ஒரு பெண் தையல் கடை வைத்திருந்தாள். வாடகைக்கு இருப்பவள். வீடு பார்க்க வந்திருக்கிறேன், இந்தத் தெருவில் ஏதாவது காலியா என்று பொய் சொன்னேன். அவள் பேச்சுத் துணைக்கு ஏங்கிக் கிடந்தவள் போல, உள்ளேயே கூப்பிட்டுக் காட்டினாள். படிகளை எண்ணினேன், பதிமூன்று. சாமான் அறைக் கதவில் தாழ்ப்பாள் அடியில். பின்கட்டில் அந்த ஒரு கல். புத்தகத்துக்குள் நடப்பது போலவே இருந்தது. படித் திருப்பத்தில் வட்ட ஜன்னலும் இருந்தது. அதில்தான் ஒன்று உதைத்தது. கண்ணாடி நீலம் இல்லை, பச்சை. படியெல்லாம் பச்சை வெளிச்சம் விழுந்து கிடந்தது.

தையல்காரியிடம் கேட்டேன். அவர்கள் குடிவந்த நாளிலிருந்தே பச்சைதானாம். வீட்டுக்கார அம்மா மற்ற எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளச் சொன்னாராம், அந்தக் கண்ணாடியை மட்டும் தொடக்கூடாதாம். உடைந்தால் தனக்குச் சொல்ல வேண்டும், தானே அதே பச்சையில் போட்டுத் தருவார் என்று கண்டிப்பாம். எனக்குச் சந்தேகமும் குஷியும் தாங்கவில்லை. அங்கேயே நின்றுகொண்டு, உங்கள் வீட்டைப் பற்றித்தான் பத்தொன்பது புத்தகம் வந்திருக்கிறது, எல்லாம் சரியாக எழுதிவிட்டு ஜன்னலை மட்டும் நீலம் என்று தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று பெருமையடித்துக்கொண்டேன். அவளுடைய மூன்று பிள்ளைகளும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தன. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகம் முழுக்கச் சொன்னேன். வாய்தான் எனக்கு எதிரி.

இருபதாவது புத்தகம் அப்போது என் மேசையில்தான் இருந்தது. சிவப்புப் பேனாவால் ஓரத்தில் எழுதினேன்: ‘ஜன்னல் கண்ணாடி பச்சை. நீலம் தவறு.’ எங்கள் பதிப்பகத்தில் ஒரு சட்டம் உண்டு. புரூஃப் பார்த்தவர் யார் என்று எழுத்தாளருக்குச் சொல்லமாட்டோம். முன்பு ஒரு கவிஞர், யாரடா என் கமாவை எடுத்தவன் என்று குடையைத் தூக்கிக்கொண்டு வந்ததிலிருந்து முதலாளி போட்ட சட்டம் அது. வெளியாட்கள் நாலைந்து பேரும் வீட்டிலிருந்தபடியே பார்த்துக் கொடுப்பார்கள். அதனால் என் கையெழுத்து என்று அவருக்குத் தெரிய வழியில்லை. பேயம்மா முழிக்கட்டும், வீடு உண்மை என்று ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

புரூஃப் அவர் கைக்குப் போனது செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு. பதினொன்றரைக்கெல்லாம் வந்துவிட்டார். மருத்துவமனையின் மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பாக்கெட்டில் டோக்கன் கட்டு துருத்திக்கொண்டிருந்தது. ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இத எழுதினது யாரு?” என்று கேட்டார். “ஆம்பளையா? நாப்பத்தேழு வயசு இருக்குமா? இங்க வேலை பாக்கறாரா, வெளியில இருந்து வராரா? பேர்கூட வேணாம். ஆம்பளையான்னு மட்டும் சொல்லுங்க.”

மாட்டிக்கொண்டாயா என்று கேட்கத்தான் தயாராக இருந்தேன். ஆனால் அந்த முகத்தில் மாட்டிக்கொண்டவர் பயம் இல்லை. பிரசவ அறை வாசலில் நிற்கிறவர்களின் முகம்தான் அது. என்ன செய்தேன் என்று தெரியாமலேயே பெரிதாக ஏதோ செய்துவிட்டேன் என்பது மட்டும் புரிந்தது.

“நான்தான் மேடம்,” என்றேன். “போன ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்குப் போனேன்.”

அவர் அப்படியே கடிதப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யார் யாரிடம் சொன்னேன் என்று கேட்டார். தையல்காரி, மூன்று பிள்ளைகள், அலுவலகத்தில் பதினோரு பேர் என்று கணக்கு ஒப்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டார். பிறகு, யாரும் கேட்காமலேயே, எல்லாவற்றையும் சொன்னார்.

அந்த வீடு அவர் பிறந்த வீடு. ஒரு தம்பி இருந்தான். இவருக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஐந்து. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம் இரண்டு பேரும் கண்ணாமூச்சி விளையாடினார்கள். இவர் வட்ட ஜன்னலுக்குக் கீழே நின்று நூறு வரை எண்ணினார். எண்ணிவிட்டுத் தேடினார். அவன் கிடைக்கவில்லை. வீட்டைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், அறை அறையாக, பெட்டி பெட்டியாக. பிறகு பக்கத்து வீடுகள், பிறகு கிணறு, பிறகு போலீஸ். எங்கேயும் இல்லை. அவன் படம் என்று வீட்டில் ஒன்றுகூட இல்லை, அந்தக் காலத்தில் யார் எடுத்தார்கள்? ஒரு வருடம் கழித்து அப்பா, அவன் செத்துப்போய்விட்டான், இனிமேல் இந்த வீட்டில் யாரும் அவன் பேச்சை எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவரும் போய்ச் சேர்ந்தார், அம்மாவும் போய்ச் சேர்ந்தார். இவர் ஒருத்தர்தான் நம்பவில்லை.

பெரியவளானதும் அநாதை விடுதி விடுதியாக ஏறி இறங்கினார். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். விளம்பரம் ஒரு நாள்தான் நிற்கும், மறுநாள் பொட்டலம் மடிக்கப் போய்விடும். குழந்தைப் புத்தகம் பள்ளிக்கூட அலமாரியில் இருபது வருடம் கிடக்கும் என்று தோன்றியது. அவன் உயிரோடு இருந்தால் அவனுக்கும் பிள்ளைகள் இருக்கும். பிள்ளை சத்தம் போட்டுப் படிக்கும். ஐந்து வயதுப் பையனுக்கு ஊர்ப் பெயர் தெரியாது, தெருப் பெயர் தெரியாது, ஆனால் வீடு தெரியும். அதனால் வீட்டை அப்படியே எழுதினார், ஒரே ஒரு இடத்தைத் தவிர. அவனுக்கு அந்தப் பச்சை வெளிச்சம் என்றால் உயிராம், அதில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம்.

“தெரிஞ்ச விஷயத்த ஒருத்தர் தப்பா சொன்னா யாராலயும் சும்மா இருக்க முடியாது,” என்றார். “அது நீலமில்ல, பச்சைன்னு ஒரு நாளைக்கு எழுதுவான்னு பாத்துட்டு இருந்தேன். கதையில வர்ற வீடு எதுன்னு வேற யாருக்கும் தெரியாது, அதனால அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் அது தெரியும். இப்போ ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இனிமே அவனே எழுதினாலும் நான் எப்படி நம்பறது?”

நான் அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அலுவலகத்தில் எல்லோரும் பார்க்க அழுதேன். பதினெட்டு வருடத்தில் ஆயிரக்கணக்கான தப்புகளை எடுத்திருக்கிறேன். இருக்க வேண்டிய ஒரே தப்பை எடுத்தது அன்றைக்குத்தான். அவர் எழுந்து என் தோளைத் தட்டிவிட்டு, மருத்துவமனையில் மூன்று பிள்ளைகள் பல்லைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் என்று கிளம்பிப் போனார்.

அதற்குப் பிறகு அவர் சனிக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டார். போன் செய்து, புத்தகத்தில் நீலமோ பச்சையோ எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், கடிதத்தை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள் என்றார். குரலில் உப்புச் சப்பில்லை. நான் நீலத்தையே விட்டுவைத்தேன். கடிதங்களைத் தினமும் பிரித்தேன், பரிகாரம் மாதிரி.

முதல் மாதத்திலேயே கண்ணாடி பச்சை என்று சொல்லும் ஒரு கடிதம் வந்தது. உடனே முத்திரையைப் பார்த்தேன், ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துத் தபால் நிலையம். தையல்காரியின் மூத்தவன். அடுத்து வந்த இரண்டும் அவன் வகுப்புப் பிள்ளைகள். மூன்றும் ஒரே நோட்டிலிருந்து கிழித்த தாள், கோடுகூட ஒன்றுபோல வளைந்திருந்தது. ஒருவன், ‘நானே பார்த்தேன்’ என்று வேறு எழுதியிருந்தான். பார்க்காமல் என்ன செய்வான்? நான் பற்றவைத்த தீதானே.

நாலாவது கடிதம் நாலு மாதம் கழித்து வந்தது. ஒன்பது வயதுப் பெண். பஸ்ஸில் பதினோரு மணி நேரம் போக வேண்டிய ஊர். பள்ளிக்கூட நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்து வீட்டில் சத்தமாகப் படித்தாளாம். கேட்டுக்கொண்டிருந்த அவள் அப்பா, ‘அது பச்சை’ என்றாராம். அப்புறம் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டவர் திருப்பித் தரவே இல்லையாம், நூலகத்தில் தன்னைத் திட்டுகிறார்களாம். இது வரைக்கும் படித்தபோது நான் சேரையே விட்டு எழுந்துவிட்டேன். ஆனால் என் புத்தி சும்மா இருக்குமா? தையல்காரிக்கு அந்த ஊரில் சொந்தக்காரர்கள் இருக்கலாம். எங்கள் அலுவலகத்துப் பதினோரு பேரில் யாருக்காவது இருக்கலாம். ஒரு தடவை அந்த அம்மாவின் மனதை உடைத்தாயிற்று. பொய்க் கடிதத்தைக் கொண்டு போய் இன்னொரு தடவை உடைக்க என்னால் முடியாது.

அடுத்த பாராவைப் படித்ததும் பொய்தான் என்று முடிவே செய்துவிட்டேன். அந்தப் பெண் இப்படி எழுதியிருந்தாள்: ‘இன்னொரு தப்பும் இருக்கிறது என்று அப்பா சொன்னார். அந்த அக்கா நூறு எண்ணவே இல்லையாம். அப்பாவுக்கு அப்போது பத்து வரைதான் தெரியுமாம். பத்துக்கு மேலே கொஞ்சம் எண்ணிவிட்டு அக்கா நிறுத்திவிட்டாளாம். அப்பா சாமான் அறையில் ரொம்ப நேரம் இருந்தாராம். யாரும் தேடி வரவில்லையாம். பிறகு இன்னும் நல்ல இடத்தில் ஒளியலாம் என்று தெருவில் நின்ற மூட்டை லாரியில் ஏறித் தூங்கிவிட்டாராம். இதையெல்லாம் எழுதக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். நான் தெரியாமல் எழுதுகிறேன்.’

நூறு எண்ணினேன் என்று பேயம்மா அவர் வாயாலேயே என்னிடம் சொல்லியிருந்தார். எண்ணிவிட்டுத் தேடினேன் என்றும் சொன்னார். அப்படியென்றால் கடிதம் சொல்வது பொருந்தவில்லை. பொருந்தாததை ஒதுக்குவதுதான் என் தொழில். ஒதுக்கியும் வைத்துவிட்டேன். ஆனால் மதியம் சாப்பாடு இறங்கவில்லை. ஏமாற்ற நினைக்கிறவர்கள் புத்தகத்தில் இருப்பதைத்தானே திருப்பிச் சொல்வார்கள்? புத்தகத்தோடு முட்டிக்கொள்கிற மாதிரி எதற்கு எழுதப்போகிறார்கள்? முதல் தடவையாக எனக்கு என் சந்தேகத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போனேன்.

அங்கே ஏழெட்டுப் பிள்ளைகள் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தன. உள்ளேயிருந்து மெஷின் சத்தம். பேயம்மா ஒரு பையனுக்கு டோக்கன் எழுதிக்கொண்டிருந்தார். பாதி தலை நரைத்திருந்தது, நாலு மாதத்துக்கு முன்பு அப்படி இல்லை. நான் கடிதத்தை நீட்டி, இது பொய்யாகக்கூட இருக்கலாம் அக்கா, மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள் என்றேன். மேடம் எப்போது அக்காவானார் என்று எனக்கே தெரியவில்லை.

படித்தார். உதடு அசைந்தது. இரண்டாவது பாராவுக்கு வந்ததும் அசைவது நின்றுவிட்டது. கடிதத்தை மேசையில் வைத்து, சுருக்கம் எடுக்கிற மாதிரி உள்ளங்கையால் நீவினார்.

“இவங்க சொல்றது பொருந்தலையேக்கா,” என்றேன். “நீங்க நூறு வரைக்கும் எண்ணினீங்கள்ல?”

“எண்ணல,” என்றார். “பதினாலு வரைக்கும்தான் எண்ணினேன். தெருக்கோடியில என் சிநேகிதி புது சைக்கிள் வச்சுட்டு கூப்பிட்டா. ஓடிட்டேன். திரும்பி வந்தப்பவும் தேடல. அவன் ஒளிஞ்சு கெடந்தா தொந்தரவு இருக்காதுன்னு விட்டுட்டேன். சாயங்காலம் அப்பா கேட்டப்ப நூறு எண்ணினேன், எல்லா இடத்துலயும் தேடினேன்னு சொன்னேன். அதனாலதான் மொதல்ல வீட்டுக்குள்ளயே தேடிட்டு இருந்தாங்க. தெருவுல நின்ன லாரிய யாரும் நினைக்கவே இல்ல.”

வரிசையில் நின்ற ஒரு அம்மா, டோக்கன் என்று ஞாபகப்படுத்தினார். பேயம்மா எழுதிக் கொடுத்தார். நாற்பத்திரண்டு வருடமாக இதை ஒரு உயிரிடமும் சொன்னதில்லை என்றார். அம்மாவின் சாவுப் படுக்கையில்கூடச் சொல்ல வாய் வரவில்லையாம். அப்படியானால் இதைத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான். நான் அவர் மேல் என்னென்னவோ சந்தேகப்பட்டேன், திருட்டு, பித்தலாட்டம் என்று. ஒன்பது வயதுப் பெண் சைக்கிள் பார்க்க ஓடினாள் என்பதை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை.

“அவன்தான்,” என்றார். அப்புறம்தான் அழுதார். பல் வலியோடு வந்த ஒரு சின்னப் பெண் தன் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் எழுதிப் போடலாம் என்று நான் சொன்னேன். வேண்டாம் என்றார். எழுதினால் அந்தக் குழந்தை மாட்டிக்கொள்ளும், அவனும் வராதே என்று சொல்லிவிடுவான், அதனால் நேரே போய் நிற்கப்போகிறேன் என்றார். யாரும் தேடி வரவில்லை என்று அவன் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். கதவைத் திறப்பானா, முகத்தில் அறைந்து சாத்துவானா என்று தெரியாது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அன்றைக்கே அலுவலகத்தில் இருபது புத்தகத்தையும் எடுத்து அட்டைப் பெட்டியில் அடுக்கிக் கயிறு கட்டினேன். அவர் தேடியதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? இருபத்து மூன்று வருடம் ஒருத்தி தேடியிருக்கிறாள் என்பதைப் பெட்டியைத் திறந்தால் அவனே பார்த்துக்கொள்வான்.

மறுநாள் காலை ஆறு மணி பஸ். பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். அவர் கைப்பையோடு ஜன்னல் ஓர சீட்டில் உட்கார்ந்திருந்தார். தம்பி வீட்டுக்குப் போகிறவர் மாதிரி இல்லை, பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். பெட்டியை மேலே வைக்கக் கண்டக்டரைக் கூப்பிட்டேன். பேயம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினார். நான் விடவில்லை, இதைக் காட்டினால் உங்கள் தம்பி மனசு இறங்கும் அக்கா, எடுத்துக்கொண்டு போங்கள் என்று கெஞ்சினேன்.

“எதுக்கு?” என்றார். “எல்லாத்துலயும் நான் நூறு வரைக்கும் எண்ணியிருக்கேன். அத கொண்டு போயா அவன் முன்னாடி நிக்கறது?”

கண்டக்டர் விசில் ஊதினார். நான் பெட்டியோடு கீழே இறங்கினேன்.